கலபார் அவரை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், கினி வளைகுடாவின் மூலையில், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு எல்லையை ஒட்டிக் கலபார் என்றொரு துறைமுகம் இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்து ஆற்றங்கரைகளில், மரங்களைப் பற்றிக்கொண்டு 50 அடி உயரம் வரையில் ஏறிப் படரும் ஒரு கொடி உண்டு. நம் வீட்டுக் கொல்லைப் பந்தலில் படரும் அவரைக்கு அது தூரத்து உறவு. அவரையைப் போலவே ஊதா நிறப் பூக்களைக் கொத்தாகத் தொங்கவிட்டு, அவரையைப் போலவே காய்த்து, காய்க்கு இரண்டு மூன்றாக ஓரங்குல நீளமுள்ள கரும்பழுப்பு விதைகளைத் தாங்கி நிற்பது. எட்டிக்கொட்டையின் கசப்பு நம்மை எச்சரிப்பதுபோல் எச்சரிக்கும் குணம் எதுவும் இவ்விதைக்கு இல்லை. வாயிலிட்டுச் சுவைத்தவனுக்கு அது சாதாரண மொச்சைப் பயறாகவே தோன்றும்.

அவ்வூர்வாசிகளான எஃபிக் குலத்தார் இவ்விதையை ‘எசெரே’ என்று அழைத்தனர். ஒருவன் சூனியம் வைத்தான் என்றோ, மந்திரத்தால் பிறர் உயிரைப் போக்கினான் என்றோ அபவாதம் எழுமாயின், அவனை ஊர்ப் பெரியோர் முன்னிலையில் நிறுத்தி, அரைத்த எசெரே விதையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி என்றும், உயிர்விட்டால் குற்றவாளி என்றும் தீர்ப்புக் கூறுவது அவர்களிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கம். பகைகொண்ட இருவர் ஒரே விதையைப் பிளந்து ஆளுக்குப் பாதியாக உண்டு, ஜயாபஜயத்தை விதியின் கையில் ஒப்புவிக்கும் முறையும் இருந்தது. இதைக் கேட்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. துலை, அக்கினி, நீர் ஆகியவற்றோடு விஷத்தையும் திவ்வியப் பிரமாணங்களுள் ஒன்றாக வைத்தெண்ணிய தர்மசாஸ்திரங்கள் நம் நாட்டிலும் உண்டு.

மனச்சாட்சி தெளிவாயிருப்பவன் தயக்கமின்றி ஒரே மடக்கில் குடித்துவிடுவான், அவன் வயிறும் அதனை உடனே வெளியே தள்ளிவிடும். நெஞ்சில் குற்றமுள்ளவனோ அஞ்சி அஞ்சிச் சிறுகச் சிறுகப் பருகுவான், ஆகவே விஷம் உடலில் ஊறிவிடும் என்று இவ்வழக்கத்திற்கு ஒரு நியாயம் கற்பிப்போர் உண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கமே. ஆனால் நிரபராதிக்கும் அச்சம் உண்டு. நெஞ்சழுத்தமுள்ள கயவனுக்குத் தைரியமும் உண்டு. விதையின் வீரியமோ ஆளைப் பார்த்து மாறுவதில்லை. அதனை உண்டவன் வாயில் உமிழ்நீர் பெருகும்; வியர்வை கொட்டும்; கண்ணின் பாவை குண்டூசி முனைபோல் சுருங்கும்; தசைகள் தாமாகத் துடித்துப் பின் சோர்ந்து துவளும்; நாடி தளர்ந்து, இறுதியில் மூச்சு நின்றுவிடும். இத்தனை விபரீதங்களும் ஒரு விதையால், ஒரே காரணத்தால் நேர்கின்றன என்பதைக் கண்டறிய ஐரோப்பிய விஞ்ஞானத்திற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் பிடித்தன. அந்த ஒரே காரணத்தை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

பேராசிரியர் உண்ட கால் விதை

கலபாரில் நிகழ்ந்த இவ்விஷப் பரீட்சையை 1846-இல் பிரிட்டனில் எடுத்துரைத்தவர் டேனியல் என்னும் ராணுவ மருத்துவர். அதே ஆண்டில் அங்கே சென்று தங்கிய ஸ்காட்லாந்துப் பாதிரிமாரின் வாயிலாகச் சில விதைகள் எடின்பரோ சர்வகலாசாலையை அடைந்தன. அங்கே விஷ சாஸ்திரத்தில் ஈடிணையற்றவராக விளங்கிய ராபர்ட் கிறிஸ்டிசன், விதையின் குணத்தை அறிய மிருகங்களை மட்டும் நம்பியிராமல், 1855-இல் ஒரு நாள் இரவு அதில் எட்டில் ஒரு பங்கைத் தாமே மென்று விழுங்கினார். பெரிய விளைவு எதுவும் தோன்றாமையால், மறுநாள் காலை கால் விதையை உண்டார். சிறிது நேரத்தில் தலை சுழன்றது; கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை; நாடி ஒழுங்கு தவறியது. உடனே அவர், முகக்ஷவரம் செய்துகொண்டபின் கிண்ணத்தில் மிச்சமிருந்த சோப்பு நீரை எடுத்துக் குடித்து வாந்தியெடுத்து, அதனால் உயிர் பிழைத்தார். எஃபிக் மக்களின் நியாயப்படி பார்த்தால், பேராசிரியர் நிரபராதி என்றே தீர்ப்பாயிருக்க வேண்டும்! இவ்வளவு அவஸ்தையிலும் தம் அறிவு மட்டும் மங்கவில்லை என்பதையும், உடல் தன் வசத்தை இழந்து கொண்டிருக்கையில் மனம் அதைத் தெளிவாகக் கவனித்துக் கொண்டிருந்தது என்பதையும் அவர் குறித்து வைத்தார்.

அக்கொடிக்கு ‘பைசோஸ்டிக்மா வெனினோசம்’ என்று சாஸ்திரப் பெயரிட்டவர் அதே நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் பால்ஃபர். பூவின் சூல்முடி நுனியில் உள்ள மூக்குப் போன்ற உறுப்பு உள்ளே காற்றடைத்த பையாக இருக்கும் என்று எண்ணி, பை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை முதலில் வைத்து இப்பெயர் ஆக்கப்பட்டது. பின்னர் பார்த்தபோது அவ்வுறுப்பு பொள்ளலில்லாத கெட்டிப் பொருளாக இருந்தது. பிழை திருந்தியது, பெயர் நிலைத்துவிட்டது.

கிறிஸ்டிசனின் மாணாக்கரும், நம் கல்கத்தாவில் பிறந்தவருமான தாமஸ் ஃபிரேஸர், 1862-இல் தம் வைத்தியப் பட்டத்திற்கு இவ்விதையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு தங்கப் பதக்கம் பெற்றார். விதைச் சாறு கண்ணின் பாவையைச் சுருக்குகிறது என்று அவர் தம் நண்பர் ஆர்கைல் ராபர்ட்சனிடம் கூற, கண் வைத்தியரான ராபர்ட்சன் அதனைத் தம் கண்ணிலேயே இட்டுப் பார்த்து, 1863-இல் உலகிற்கு அறிவித்தார். பாவையை விரிக்கும் மருந்து அதுவரை வைத்தியர் கையில் இருந்தது. அது பெல்லடோனா என்னும் செடியிலிருந்து பெறும் அட்ரோபின். சுருக்கும் மருந்து அன்றுதான் கிடைத்தது. கண்ணுள் நீரின் அழுத்தம் மிகுந்து பார்வையைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கு இம்மருந்தை 1870-களில் பிரயோகித்து வெற்றி கண்ட லுட்விக் லாக்கர், தாமே அந்நோயால் பீடிக்கப்பட்ட கண் வைத்தியர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரு மருந்துகளும் எதிரெதிரானவை என்பதை வேறொரு சம்பவமும் காட்டியது. பிராக் நகரச் சிறையில் சில கைதிகள் அட்ரோபின் கரைசலை மதுவென்று எண்ணிக் குடித்துவிட்டுப் பிதற்றலும் மயக்கமுமாகக் கிடந்தபோது, கிளைன்வாக்டர் என்னும் மருத்துவர், ஒன்று பாவையை விரிப்பது, மற்றது சுருக்குவது, ஆகவே ஒன்று மற்றதற்கு மாற்றாகலாம் என்று யூகித்து, அவர்களுள் ஒருவனுக்குக் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்தார். நோயாளி தெளிவடைந்தான். 1864-இல் வெளியான இக்குறிப்பு நமக்கு அந்நியமன்று. நம் ஊர்ப் புறம்போக்கிலும் சுடுகாட்டோரத்திலும் வெண்புனல் போலப் பூத்து நிற்கும் ஊமத்தையில் உள்ள விஷமும் அட்ரோபினின் இனத்தைச் சேர்ந்ததே. ஊமத்தை விதையை உண்டவன் நாவறண்டு, கண் விரிந்து, இல்லாததைக் கண்டு பிதற்றுவதை நம் முன்னோர் நன்கறிவர். ஒரு செடியின் விஷத்தை மற்றொரு செடியின் விஷம் முறிக்கிறது. ஆனால் இரண்டும் உடலில் எவ்விடத்தில் சந்தித்துப் போரிடுகின்றன? அக்கேள்விக்கு விடை கூற அக்காலத்தில் எவராலும் இயலவில்லை.

ஓசையும் ஓய்வும்

மிருதங்க வித்துவான் ஒருவர் வாசிக்கையில் அவர் கையைக் கூர்ந்து கவனித்தவர்கள் ஓர் உண்மையை அறிந்திருப்பார்கள். தட்டும் விரல் எவ்வளவு முக்கியமோ, தட்டியபின் தோலின் மீது படிந்து அந்நாதத்தை அடக்கும் விரலும் அவ்வளவு முக்கியம். முதற்சொல்லின் ஒலி அடங்கினாலன்றி இரண்டாம் சொல் தெளிவாகக் கேளாது. எல்லாச் சொற்களும் ஒலித்துக்கொண்டே இருக்குமாயின் தாளம் அழிந்து இரைச்சலே எஞ்சும். நரம்புகளின் பாஷையும் இத்தகையதே.

நரம்பின் முனைக்கும், அது ஏவல் செய்யும் தசைக்கும், அல்லது மற்றொரு நரம்புக்கும் இடையில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அவ்விடைவெளியை மின்சாரம் தாண்டுகிறதா, ஏதேனும் ரசாயன வஸ்து தாண்டுகிறதா என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய விவாதமாக இருந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ லூவி, ஓரிரவு கனவில் தோன்றிய பரிசோதனையை, விடியுமுன் எழுந்து சென்று செய்து முடித்தார் என்பது பிரசித்தமான கதை. இரண்டு தவளைகளின் துடிக்கும் இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தளரச் செய்து, அவ்விருதயத்திலிருந்த உப்பு நீரை இரண்டாம் இருதயத்தில் ஊற்ற, நரம்பே தீண்டாத இரண்டாம் இருதயமும் தளர்ந்தது. ஆகவே செய்தியைச் சுமந்து சென்றது நீரில் கரைந்த ஏதோ ஒரு வஸ்து. 1921-இல் வெளியான இக்கண்டுபிடிப்பில் அவ்வஸ்துவுக்கு ‘வேகஸ் பொருள்’ என்றே அவர் பெயரிட்டார். அது அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று.

அவ்வஸ்து சுரந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடுவதை லூவி கவனித்தார். 1926-இல் அவரும் நவ்ராட்டில் என்பவரும் சேர்ந்து, இருதயத் தசையின் சாற்றிலுள்ள ஒரு நொதியே அதனைச் சிதைக்கிறது என்றும், அச்சாற்றில் கலபார் அவரையின் சாரத்தை மிகச் சிறிதளவு சேர்த்தால் அச்சிதைவு நின்றுபோகிறது என்றும் காட்டினர். ஒரு மருந்து உடலுக்குள் நொதியொன்றைத் தடுப்பதன் மூலமே தொழில் புரிகிறது என்பதற்குக் கிடைத்த ஆதிச் சான்றுகளுள் இது ஒன்று. கலபார் விதை உடலுக்குப் புதிதாக எதையும் அளிப்பதில்லை. நாதத்தை அடக்கும் விரலைப் பிடித்துக் கொள்கிறது, அவ்வளவே. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்த செய்தி ஓயாமல் ஒலிக்க, நீர் பெருகுகிறது. பாவையைச் சுருக்கும் தசைக்கு வந்த செய்தி ஓயாமல் ஒலிக்க, கண் சுருங்குகிறது. மூச்சை இயக்கும் தசை ஓயாத ஏவலைக் கேட்டுக் கேட்டு இறுதியில் செவிடாகிச் சோர்கிறது. கிறிஸ்டிசன் கண்ட விபரீதங்கள் யாவற்றுக்கும் வேர் ஒன்றே. அட்ரோபினோ, செய்தியைச் செவியேற்கும் வாயிலை அடைத்துவிடுகிறது. எனவே ஒன்று மற்றதை முறிப்பதில் வியப்பில்லை. பிராக் சிறையின் புதிர் அவிழ்ந்தது.

அந்நொதிக்குக் கோலினெஸ்டரேஸ் என்று 1932-இல் பெயர் சூட்டியவர்களும் எடின்பரோக்காரர்களே. ஸ்டெட்மன் தம்பதியர் அதில் முக்கியமானவர்கள். இந்நொதி அசிட்டைல்கோலினை அசிட்டிக் அமிலமாகவும் கோலினாகவும் பிளக்கிறது. ஓர் அணுத்திரள் ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை இத்தொழிலைச் செய்யும் என்றால் அதன் வேகம் மனத்தில் பதியும். 1991-இல் இஸ்ரேலில் வைஸ்மன் விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த சஸ்மன், சில்மன் ஆகியோர், மின்திருக்கை மீனின் நொதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அதன் வடிவத்தை வெளிப்படுத்தினர். வெட்டும் இடம் வெளியே இல்லை. 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமுள்ள குறுகிய கிணறொன்றின் அடியில் இருந்தது. ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே அக்கிணற்றின் ஆழம். அக்கிணற்றில் இறங்கிய கலபார் அவரையின் சாரம், வெட்டும் ஸ்தானத்தில் தன் அணுக்கூட்டத்தின் ஒரு துண்டைப் பிணைத்துவிடுகிறது. அத்துண்டு கழன்று விழும் வரையில் நொதி கைகட்டி நிற்கும்.

இரண்டு மனிதர்கள்

அச்சாரத்தின் பெயர் பைசோஸ்டிக்மின். எசெரே என்னும் பழம்பெயரையொட்டி எசெரின் என்றும் அதனை அழைப்பர். அதன் சரித்திரத்தில் இருவரை நினைவுகூராமல் மேலே செல்ல இயலாது.

முதலாமவர் மேரி வாக்கர் என்னும் ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர். லண்டனின் கிரீனிச் பகுதியில் செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில், பெரும் பட்டம் பதவி எதுவுமின்றிப் பணியாற்றியவர். அங்கிருந்த நோயாளிகளுள் சிலர், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோயால், இமைகள் தொங்க, மெல்லவும் விழுங்கவும் சக்தியற்றுக் கிடந்தனர். அவர்கள் நிலை, தென்னமெரிக்க வேடர் அம்பில் தடவும் குராரி விஷத்தால் தாக்குண்டவரின் நிலையை ஒத்திருப்பதை வாக்கர் கண்டார். குராரிக்குப் பைசோஸ்டிக்மின் ஓரளவு மாற்று என்பது முன்பே தெரிந்திருந்தது. அவ்வாறாயின் இந்நோய்க்கும் அது மாற்றாகாதோ? ஊசி வழியே செலுத்தினார். ஒரு மணி நேரத்திற்குள் தொங்கிய இமை நிமிர்ந்தது, துவண்ட தசைகள் வலுப்பெற்றன. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய நிலை திரும்பியது. எனினும் 1934-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அவர் எழுதிய அச்சிறு கடிதம், அந்நோயின் இருப்பிடம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடமே என்பதற்கு வெளிச்சமாயிற்று. அதே காலத்தில், யூதராகப் பிறந்த குற்றத்துக்காக பெர்லினிலிருந்து 1933-இல் வெளியேற்றப்பட்ட ஃபெல்ட்பெர்க், லண்டனில் ஹென்றி டேலின் ஆய்வுக்கூடத்தில், எசெரின் தோய்ந்த அட்டைத் தசையைக் கொண்டு அசிட்டைல்கோலினை மிகநுட்பமாக அளந்துகொண்டிருந்தார். நொதியைக் கட்டிப்போட்டாலன்றி அவ்வஸ்து அளக்கக் கிடைக்காமல் மறைந்துவிடும். 1936-இல் லூவியும் டேலும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வெற்றியில் கலபார் விதைக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டாமவர் பெர்ஸி ஜூலியன். அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் 1899-இல் பிறந்தவர். அவர் பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். கருப்பரென்ற காரணத்தால் தாய்நாட்டில் கதவுகள் அடைபட்டிருந்தமையால் வியன்னாவுக்குச் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, இண்டியானா மாகாணத்து டிபாவ் கல்லூரியில், வியன்னா நண்பர் ஜோசப் பிக்லுடன் சேர்ந்து பைசோஸ்டிக்மினை ரசாயனக்கூடத்திலேயே ஆக்கும் முயற்சியில் இறங்கினார். அதே இலக்கை நோக்கி ஆக்ஸ்போர்டில் ராபர்ட் ராபின்சன் என்னும் ரசாயன மேதையும் சென்று கொண்டிருந்தார். இறுதிப் படிக்கு முந்தைய பொருள் தமக்குக் கிட்டிவிட்டதாக ராபின்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையை ஜூலியன் படித்தார். அவர்கள் கூறிய பொருளின் குணங்கள் தம் பொருளின் குணங்களோடு ஒத்துவரவில்லை. இருவருள் ஒருவர் தவறியிருக்க வேண்டும். தவறியவர் ஆக்ஸ்போர்டு மேதைதான் என்று முப்பத்தைந்து வயது நிறைந்த அக்கல்லூரி ஆசிரியர் அச்சில் எழுதினார். விதையிலிருந்து கிடைத்த இயற்கைப் பொருளும் தாம் ஆக்கிய செயற்கைப் பொருளும் ஒரே வெப்பத்தில் உருகக் கண்டு, 1935-இல் தம் கூற்றை மெய்ப்பித்தார். அக்கல்லூரி அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி அளிக்கவில்லை. கலபார், அட்லாண்டிக் கடலைத் தாண்டி அடிமைகளை ஏற்றுமதி செய்த பெருந்துறைகளுள் ஒன்று. அத்துறையின் ஆற்றங்கரையில் விளைந்த விதையின் ரகசியத்தை, அடிமைக் குலத்தில் தோன்றிய பேரன் ஒருவர் கைவசப்படுத்தினார்.

மூளைக்குள் ஒரு பாதை

இதுகாறும் தசைகளையும் கண்ணையும் பற்றியே பேசினோம். இனி மூளைக்குள் நுழைவோம். இரத்தத்தில் கலந்த எல்லா வஸ்துக்களும் மூளையை எட்டிவிடுவதில்லை. அங்குள்ள நுண் இரத்தக் குழாய்களின் சுவர் கண்டிப்பான வாயில்காப்போனைப் போல நின்று, மின்னேற்றம் பெற்ற வஸ்துக்களைத் திருப்பி அனுப்பிவிடும். பைசோஸ்டிக்மினின் பிரதியாக ஆக்கப்பட்ட நியோஸ்டிக்மின் அவ்வாறு தடுக்கப்படுவது. ஆகவே அது தசைநோய்க்கு உகந்ததாயிற்று. பைசோஸ்டிக்மினோ தடையின்றி உள்ளே செல்லும். ஊமத்தையால் மதிமயங்கியவனைத் தெளிவிக்கும் ஆற்றல் அதற்கு இருப்பது இதனால்தான்.

முதியோரின் நினைவைச் சிறிது சிறிதாகத் தின்று, பெற்ற மக்களையே அடையாளம் காணாதபடி செய்துவிடும் அல்ஸைமர் நோயை முதன்முதலில் 1906-இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர். எழுபது ஆண்டுகள் கழித்து, 1976-இல், மீண்டும் எடின்பரோவிலேயே, டேவிஸ், மலோனி என்னும் இருவர், அந்நோயால் இறந்தோரின் மூளைகளைப் பரிசோதித்து, அசிட்டைல்கோலினை ஆக்கும் நரம்பணுக்களே அவற்றில் பெரிதும் நசித்திருப்பதைக் கண்டனர். செய்தியாளர் குறைந்துவிட்ட ஊரில், எஞ்சிய சிலர் கூறும் செய்தியையேனும் சற்று நேரம் அழியாமல் காத்தால் என்ன என்ற எண்ணம் உடனே பிறந்தது. பைசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்த்தனர். சிலரது நினைவு சற்றே தெளிந்தது. ஆனால் மருந்தின் வேகம் விரைவில் ஓய்ந்தது, குமட்டலும் வாந்தியும் தொடர்ந்தன. அதன் அமைப்பையே ஆதாரமாகக் கொண்டு, மேலும் நீடித்துத் தொழில் செய்யுமாறு ஜெருசலேமில் மார்ட்டா வைன்ஸ்டாக் உருவாக்கிய ரிவாஸ்டிக்மின் இன்று நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

மற்றொரு மருந்து வேறொரு பூவிலிருந்து வந்தது. பனி உருகும் பருவத்தில் காக்கஸஸ் மலைச்சாரலிலும் பால்கன் நாடுகளிலும் தலைகுனிந்து பூக்கும் வெண்ணிறப் பனித்துளிப் பூவின் கிழங்கில் கலந்தமின் என்னும் சாரம் உள்ளது. 1950-களின் தொடக்கத்தில் ரஷ்ய விஞ்ஞானிகள் அதனைப் பிரித்தெடுத்து, அது கோலினெஸ்டரேஸைத் தடுப்பதையும் கண்டனர். பல்கேரியாவில் பாஸ்கோவ் என்பவர் அதனை ‘நிவாலின்’ என்ற மருந்தாக்கி, இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த தசைகளுக்குப் பயன்படுத்தினார். 2001-இல் அமெரிக்க அரசு அதனை அல்ஸைமர் நோய்க்கு அனுமதித்தது. வேல்ஸ் மலைகளில் இம்மருந்துக்கென்றே டாஃபடில் பூச்செடிகளைப் பயிரிடுகின்றனர். ஹோமரின் காவியத்தில், சூனியக்காரி கிர்க்கேயின் மயக்க மருந்துக்கு மாற்றாகத் தேவதூதன் கொடுக்கும், கருவேரும் பால்நிறப் பூவும் கொண்ட மூலிகை இப்பனித்துளிப் பூவாகவும், அம்மயக்க மருந்து ஊமத்தை இனமாகவும் இருக்கக்கூடும் என்று 1983-இல் இரு நரம்பியல் மருத்துவர்கள் வாதித்தனர். காவியத்தை நிரூபணமாகக் கொள்வதற்கில்லை. எனினும் ஊமத்தைக்கு மாற்றாகக் கோலினெஸ்டரேஸைத் தடுக்கும் பூ என்னும் இணைப்பு ரசாயனத்துக்குப் பொருந்துவதே. சீனத்தில் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் வழங்கிவந்த ஒருவகைப் பாசியொத்த செடியிலிருந்து, 1980-களில் கிடைத்த ஹூபர்ஸின் என்னும் சாரமும் இதே தொழிலைச் செய்கிறது. அவரையும், அல்லியை ஒத்த பூச்செடியும், பூவே இல்லாத அப்பாசியொத்த செடியும், ஒன்றுக்கொன்று உறவேதுமின்றித் தனித்தனியே ஒரே நொதியைக் குறிவைத்திருக்கின்றன. அதற்குக் காரணமும் யூகிக்கக்கூடியதே. செடிக்குப் பகை மனிதன் அல்லன், பூச்சி. பூச்சியின் நரம்புகளும் அசிட்டைல்கோலினாலேயே பேசுகின்றன. நம் மூளை பூச்சியின் மூளையோடு பகிர்ந்துகொண்ட பழம் பாஷையினால்தான், பூச்சிக்கு வைத்த கண்ணியில் நாமும் அகப்படுகிறோம்.

வேறு நொதிகளைக் கட்டிப்போட்டு மூளைக்கு வழிதிறக்கும் தாவரங்களும் உண்டு. அமேசான் காட்டு மக்கள் சடங்குகளில் பருகும் அயவாஸ்கா பானத்தை 1852-இல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்னும் தாவரவியலார் நேரில் கண்டு, அதன் கொடியை விவரித்தார். அப்பானத்தில் பொதுவாக இரண்டு செடிகள் சேரும். ஒன்றின் இலையில் மனத்தை மாற்றும் வஸ்து உண்டு. ஆனால் தனியே விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோஅமின் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடும். மற்றொன்றான கொடியில் உள்ள ஹார்மின் அந்நொதியைத் தடுத்து நிறுத்த, இலையின் வஸ்து மூளையை எட்டுகிறது. ரசாயன நூல் எதுவும் படியாத காட்டு மக்கள், எண்ணற்ற செடிகளுக்கிடையே இவ்விரண்டையும் ஒரு பானையில் சேர்த்தது ஆழ்ந்த அனுபவ ஞானத்தின் பயனேயாகும்.

எவ்வளவு நேரம்?

இனி, இவ்வரலாறு முழுவதும் கற்பிக்கும் பாடம் யாதென்று கருதுவோம். ஒரே நொதியைத் தடுக்கும் பொருள்களுள் சில மருந்தாகவும் சில கொலைக்கருவியாகவும் இருப்பதேன்? அளவு ஒரு காரணம். அதனை அனைவரும் அறிவர். காலம் மற்றொரு காரணம். அதனைச் சிந்திப்போர் சிலரே. பனித்துளிப் பூவின் சாரம் நொதியின் கிணற்றில் இறங்கி இருந்து, பிணைப்பேதுமின்றி வெளியேறிவிடும். பைசோஸ்டிக்மின் ஒரு துண்டைப் பிணைத்தாலும், அது நிமிஷக் கணக்கிலோ மணிக்கணக்கிலோ கழன்றுவிடும். ஆனால் ஜெர்மானிய ரசாயனி ஷ்ராடர், பூச்சிக்கொல்லி தேடுகையில் 1936-இல் கண்ட டாபுன், பின்னர் கண்ட ஸாரின் ஆகிய நச்சு வாயுக்களும், அவற்றின் உறவான ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகளும், அதே இடத்தில் பாஸ்பரஸை அறைந்து பூட்டிவிடுகின்றன. பின் உடல் புதிய நொதியை ஆக்கும் வரையில், நாள்கணக்கில், மீட்சியில்லை. நம் வயல்களில் முகமூடியின்றி மருந்தடித்து மயங்கி விழுந்தவனை ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தால், மருத்துவர் முதலில் அவன் கண்ணைப் பார்ப்பார். பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தால் அட்ரோபினைச் செலுத்துவார். பிராக் சிறையில் அட்ரோபினுக்கு அவரை மாற்றாயிற்று. இங்கே அவரையின் உறவான விஷத்துக்கு அட்ரோபின் மாற்றாகிறது.

அல்ஸைமர் மருந்துகளின் எல்லையும் இப்போது விளங்கும். அவை இறந்த நரம்பணுவை எழுப்புவதில்லை. நோயின் போக்கை நிறுத்துவதும் இல்லை. எஞ்சிய செய்தியைச் சற்றே நீட்டித்து, சிலருக்குச் சில காலம் சிறிது தெளிவளிக்கின்றன. செய்தி கூற நரம்பணுக்களே இல்லாத நாள் வரும்போது, சிதைப்பவனைத் தடுப்பதால் பயன் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நினைவாற்றலை வளர்க்கும் என்று ஒரு மூலிகைச் சூரணத்தை எவரேனும் விற்க முன்வந்து, அது மூளையின் நொதியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள் என்று கூறினால், அவசரப்பட்டு வியக்காதீர்கள். கண்ணாடிக் குழாயில் கோலினெஸ்டரேஸைத் தடுக்கும் தாவரச் சாறுகள் மிகப் பல. அது குடலைத் தாண்டி இரத்தத்தில் சேருகிறதா, இரத்தத்தைத் தாண்டி மூளையில் நுழைகிறதா, எவ்வளவு கொடுத்தால் பயன், எவ்வளவு கொடுத்தால் கேடு, எவ்வளவு நேரம் நொதியைப் பிடித்து வைத்திருக்கும், நோயாளிகளிடம் முறையாகப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். வீட்டு முதியவர் அல்ஸைமர் மருந்து உண்பவராயின், வேறெந்தச் சூரணத்தையும் மருத்துவரிடம் கூறாமல் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கிறிஸ்டிசன் கால் விதையோடு நிறுத்திக்கொண்டார். அவர் பக்கத்தில் சோப்பு நீரும் இருந்தது.